தவுனோ வீட்டுக் கிடங்கும் ஹில்க்காவின் பேட்டரியும்

பின்லாந்தில் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் லெப்பனியெமி ஊரில் தவுனோவைத் தெரியாதவர் இல்லை. ஆனால் அவர் வீட்டுச் சமையலறையில் எத்தனை நாற்காலி என்று கேட்டால் ஊரே திருதிருவென்று விழிக்கும். யாரும் உள்ளே போனதில்லை. அவர் ஒன்றும் ஆட்களை விரட்டுகிறவர் அல்ல, ஊர் வழக்கம் அப்படி. இங்கே காரியம் இல்லாமல் ஒருவர் இன்னொருவர் கதவைத் தட்டமாட்டார். ரம்பம் இரவல் வேண்டும், பாதையில் மரம் விழுந்து கிடக்கிறது, உன் நாய் என் கோழியைத் துரத்துகிறது என்று ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். கதவைத் திறக்கிறவரும் "வா" என்று சொல்லமாட்டார். "என்ன விஷயம்?" என்பார். விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிவிட வேண்டும். அதற்கு மேலும் ஒருவர் நின்றுகொண்டிருந்தால், பாவம், மூளை கலங்கிவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்வோம்.

தவுனோவின் மனைவி எல்லி, தாம்பெரே நகரத்தில் இருக்கும் அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர், பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார். சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், அதில் கையெழுத்து மட்டும் இருக்கும். அதன் பிறகு தவுனோ காகித ஆலையில் வேலை, வீட்டில் வானொலி என்று காலம் தள்ளினார். ஆலையில் அவருக்கு வேலை, பாரம் தூக்கும் வண்டிகளின் பேட்டரிகளைப் பார்த்துக்கொள்வது. ஓய்வு பெற்ற அன்று ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். நேரம் பார்த்து இனி அவர் எங்கே போக வேண்டும் என்று கொடுத்தவர்களுக்கும் தெரியவில்லை, வாங்கியவருக்கும் தெரியவில்லை.

ஓய்வு பெற்ற முதல் குளிர்காலம் அவரை உலுக்கி எடுத்துவிட்டது. ஜனவரியில் ஒரு நாள் கடைக்குப் போனவர், கல்லாவில் இருந்த பெண்ணுக்கு வணக்கம் சொல்ல வாயைத் திறந்தார். குரலே வரவில்லை. எத்தனை நாளாகப் பேசாமல் இருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. இருமி, சரிசெய்து, வணக்கம் சொன்னார். அந்தப் பெண் ஜலதோஷத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் படகுச் சங்கக் கூட்டம் நடந்தது. ஏரி உறைவதற்கு முன்பு எல்லாப் படகுகளையும் கரையேற்றி, முட்டுக்கொடுத்து நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடிவிடுவோம். மிச்சமிருக்கும் தொல்லை பேட்டரிதான். சார்ஜ் இறங்கிய பேட்டரியைக் குளிரில் விட்டால் உள்ளே இருக்கும் திரவம் உறைந்து பெட்டியே வெடித்துப் பிளந்துவிடும். அதனால் ஆளுக்கொரு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். வீட்டில் சும்மா விடுவார்களா? "அந்தக் கருமத்தை ஏன் நடையில வெச்சிருக்க?" என்று வசந்தம் வரும்வரை அர்ச்சனை நடக்கும். அன்று கூட்டத்தில் இதைப் பற்றித்தான் புலம்பல். அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத தவுனோ எழுந்து நின்றார்.

"எங்க வீட்டுக் கிழங்குக் கிடங்கு காலியாத்தான் கிடக்கு. கொண்டாந்து வைங்க. நான் பாத்துக்கறேன்."

"மாசாமாசம் சார்ஜ் போடணுமேப்பா?" என்றார் சங்கத் தலைவர் காலெர்வோ.

"போடறேன். நீங்க அப்பப்போ வந்து எட்டிப் பாத்தா போதும்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் தவுனோ எழுந்து நின்றதே. யாருக்கும் அது காதில் விழவில்லை.

கிடங்கு என்பது வீட்டுக்குப் பின்னால் மேட்டைக் குடைந்து கட்டியது. மேலே மண், அதன் மேல் புல், குளிர்காலத்தில் ஒரு ஆள் உயரப் பனி. உள்ளே எப்போதும் ஒரே சில்லிப்பு. உறையவும் உறையாது, சூடும் ஏறாது. கிழங்குக்கு எது நல்லதோ அதுவே பேட்டரிக்கும் நல்லது. தவுனோ அங்கே மின்கம்பி இழுத்தார், பலகைத் தட்டு அடித்தார், சார்ஜ் ஏறும்போது வரும் வாயு வெளியேற ஒரு குழாய் வைத்தார். ஒவ்வொரு பேட்டரியிலும் ஒரு நாடா ஒட்டி, சொந்தக்காரர் பெயரை எழுதினார். அப்புறம் வீட்டுக்குள் வந்து இரண்டாவது காபிக் கோப்பையைத் தேடி எடுத்துக் கழுவி வைத்தார்.

ஒருவரும் வரவில்லை. அவர் கையில் இருந்தால் கவலையே இல்லை என்பதுதான் காரணம். வசந்தத்தில் எடுத்துப் போகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல அதையேதான் சொன்னார்கள். "உன்கிட்ட இருந்தா எனக்கு நிம்மதி, தவுனோ! நினைச்சுக்கூடப் பாக்கறதில்ல!" நல்ல பெயர் எடுத்ததே அவருக்கு வினையாகிப் போனது. கொஞ்சம் கவனக்குறைவாக இருந்திருந்தால் நாலு பேர் திட்டவாவது வந்திருப்பார்கள்.

ஆகவே அவர் பேட்டரிகளோடு பேசப் பழகினார். சங்கத் தலைவரின் பேட்டரி, ஏற்றிய வேகத்தில் இறங்கிவிடும். "காலெர்வோ, கூட்டத்துல முழங்கறது மட்டும் போதுமா? கொஞ்சம் தம் கட்டு" என்பார். பாதிரியாருடைய பேட்டரி ஒவ்வொரு இலையுதிர் காலமும் வறண்டுபோய் வரும். "ஊருக்கெல்லாம் ஜீவத்தண்ணி குடுக்கறியே சாமி, இதுக்கு ஒரு சொட்டு ஊத்தக் கூடாதா?" என்று காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றுவார். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பேட்டரி முனைகளைத் துடைத்து, வாஸ்லின் தடவி, ஒரு பழைய கார் பல்பை மாட்டிக் கொஞ்ச நேரம் எரியவிடுவார். மீட்டரை அவர் அவ்வளவாக நம்புவதில்லை. அப்போதுதான் சார்ஜ் போட்ட பேட்டரி மீட்டரில் ராஜா மாதிரி எண் காட்டும். பாரம் ஏற்றினால்தான் வண்டவாளம் தெரியும். பல்பு வெள்ளையாக எரிந்துகொண்டே இருந்தால் பேட்டரிக்கு உயிர் இருக்கிறது. மஞ்சளாகி மங்கினால் கதை முடிந்தது.

இப்படியே சில குளிர்காலங்கள் போயின. பிறகு ஹில்க்கா வந்தார்.

ஹில்க்கா தபால் நிலையத்தில் முகவரி பார்த்துக் கடிதங்களைத் தரம் பிரித்தே தலை நரைத்தவர். சரியான பெட்டியில் விழுந்த கடிதத்தையும் எடுத்து இன்னொரு முறை பார்க்கிற ஜாதி. அண்ணன் பெர்த்தி இறந்தபோது அவருடைய படகும், ஏரிக்குள் கரடித்தீவில் இருந்த மரவீடும் ஹில்க்காவுக்கு வந்தன. நகரத்து வீட்டை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டார். படகுகள் கரையேறும் நாளில், பெர்த்தியின் படகுக்குள் குனிந்து ஒரு முதிய பெண் தனியாக பேட்டரியோடு மல்லுக்கட்டுவதை தவுனோ பார்த்தார்.

"மைனஸ் கம்பியை முதல்ல கழட்டணும்!" என்று கத்தினார். அவர் வருடக்கணக்கில் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

ஹில்க்கா நிமிர்ந்தார். "நீ யாரு?"

"தவுனோ. பேட்டரியெல்லாம் எங்க கிடங்குலதான் வைப்பாங்க."

"வெச்சு?"

"பாத்துப்பேன்."

"நீ பாத்துக்கறன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் சொல்லுவாங்க, கேட்டுப் பாரு."

"எல்லாரும் சொல்றத வெச்சு நான் என்ன பண்ண? ஒவ்வொரு மாசமும் முதல் சனிக்கிழமை நானே வந்து பாப்பேன். என் மீட்டரோட."

"எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"உம்மேல மட்டும்னு இல்ல. யார்மேலயும் இல்ல."

வேறு யாராக இருந்தாலும் முகம் சுண்டிப்போயிருக்கும். தவுனோ அந்த பேட்டரியை மார்போடு அணைத்து வீடுவரை சுமந்து வந்தார். நெஞ்சு படபடத்தது. பாரம்தான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சொன்னபடியே ஹில்க்கா வந்தார். பனியில் காலால் உந்தித் தள்ளும் சறுக்கு வண்டியில், மீட்டரைக் கோட்டுக்குள் கதகதப்பாக வைத்துக்கொண்டு வந்தார். கிடங்கில் இறங்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, எண்ணைப் பார்த்து, "சரி" என்றார். அதோடு விஷயம் முடிந்தது, போகலாம். தவுனோ மேலே பார்த்துக்கொண்டு, "காபி போட்டு வெச்சிருக்கேன். மிஞ்சிட்டா வீணாத்தான் போகும்" என்றார்.

"வீணாக்கக் கூடாது" என்று ஹில்க்கா உள்ளே வந்தார்.

அன்று அவர்கள் பேசிய பேச்சு மொத்தத்தையும் ஒரு தீப்பெட்டிக்குள் அடக்கிவிடலாம். ஏரி இன்னும் முழுசாக உறையவில்லை. பெர்த்திக்குக் காபியில் சர்க்கரை தூக்கலாக வேண்டும். கடையில் விற்கிற ஏலக்காய் ரொட்டியில் ஏலக்காயைத் தேட வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான். ஆனால் அடுத்த மாதம் தவுனோ ரொட்டியைத் தானே சுட்டார். ஏலக்காயை அள்ளிப் போட்டிருந்தார். ஹில்க்கா ஒரு வாய் கடித்துவிட்டு, "இது ரொட்டியா, இருமல் மருந்தா?" என்றார். மூன்று துண்டு சாப்பிட்டார். அவர் போன பிறகும் இரண்டாவது கோப்பையை தவுனோ மறுநாள்வரை கழுவவில்லை. அது மேசையில் இருப்பதைப் பார்க்க நன்றாக இருந்தது.

கிறிஸ்துமஸ் போய், மூக்கு மயிர் உறைகிற குளிர் வந்தது. ஒரு நாள் வழக்கம்போல ஒவ்வொரு பேட்டரியாக பல்பை மாட்டிக்கொண்டு வந்தார். பெர்த்தியின் பேட்டரியில் மாட்டினார். வெள்ளையாகப் பற்றியது, மஞ்சளாயிற்று, பழுத்த சிவப்பாகி அணைந்தது. மறுபடி சார்ஜ் ஏற்றி, ஆறவிட்டு, மறுபடி மாட்டினார். அதே கதை. உள்ளே இருக்கும் ஈயத் தகடுகள் செத்துவிட்டன. மருந்து கிடையாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

தவுனோ கிழங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஹில்க்கா நகரத்துக்குப் போய் இப்போது வருகிற புதுமாதிரி பேட்டரி ஒன்றை வாங்குவார். மூடி இல்லாதது, தண்ணீர் ஊற்ற வேண்டாதது. இலையுதிர் காலத்தில் முழுசாக சார்ஜ் ஏற்றி, கம்பியைக் கழற்றிவிட்டால், படகிலேயே குளிர்காலத்தைத் தள்ளிவிடும். அப்புறம் முதல் சனிக்கிழமைக்கு என்ன வேலை?

அந்த மனுஷர் வாழ்நாளில் யாரையும் ஏமாற்றியதில்லை. சனிக்கிழமை விடிந்ததும் கிடங்குக்குப் போய் செத்த பேட்டரிக்கு சார்ஜ் போட்டார். ஹில்க்கா வரும் நேரத்துக்குச் சற்று முன்பு கம்பியைக் கழற்றினார். மீட்டர் பதிமூன்று வோல்ட் காட்டியது.

"அடேயப்பா!" என்றார் ஹில்க்கா. தவுனோ தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிப்ரவரியிலும் அதையே செய்தார். அன்று ஹில்க்கா நல்ல மனநிலையில் இருந்தார். பேட்டரியின் தலையில் கன்றுக்குட்டியைத் தட்டுவதுபோலத் தட்டினார்.

"பெர்த்தி வாங்கினது. ஆளு போயிட்டான், இது கிண்ணுனு நிக்குது பாரு. ஐஸ் உடைஞ்ச மறுநாளே தீவுக்குக் கிளம்பிடுவேன்."

"அவ்வளவு சீக்கிரமா? அப்ப ஏரியில ஒரு படகு இருக்காதே."

"அதுக்குத்தான் போறதே. ஒருத்தர் மூஞ்சிலயும் முழிக்க வேண்டாம்."

"போன்?"

"அங்க எடுக்காது. அதுவும் நல்லதுதான்."

ஹில்க்கா போன பிறகு தவுனோ வெகுநேரம் சன்னலோரம் நின்றார். கரடித்தீவுக்குப் போகிற வழி அவருக்குத் தெரியும். கரைப்பக்கம் காற்று படாது. கரை முனையைத் தாண்டினால் திறந்த ஏரி, காற்று அடித்தால் படகைப் பாறையில்தான் கொண்டுபோய் மோதும். அங்கே எஞ்சின் ஒரு முறை நின்று, திரும்பக் கிளப்பச் சாவியைத் திருப்பினால் என்ன ஆகும்? தண்ணீர் அப்போது ஐஸ்போலக் குளிரும், கூப்பிட்ட குரலுக்கு ஒரு குருவி இருக்காது. மாதம் ஒரு நாள் சேர்ந்து சாப்பிடுகிற ஏலக்காய் ரொட்டிக்கு ஒரு மனுஷியின் உயிரையா விலையாகக் கொடுப்பது? புதுசாக ஒன்று வாங்கி, ரகசியமாக மாற்றி வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தார். பெர்த்தி தன் கையால் கீறிய எழுத்து அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் இருந்தது. ஹில்க்கா ஒவ்வொரு முறையும் அதைத் தடவிப் பார்ப்பதை அவர் கவனித்திருந்தார். அதை எப்படி மாற்ற?

மார்ச் வந்தது. கூரை விளிம்பு சொட்டத் தொடங்கியிருந்தது. அந்தச் சனிக்கிழமை தவுனோ சார்ஜ் போடவில்லை. ரொட்டியும் சுடவில்லை. ஹில்க்கா மீட்டரை வெளியே எடுப்பதற்குள், பல்பை அவருடைய பேட்டரியில் மாட்டினார். இருவரும் அது மங்கி அணைவதைப் பார்த்தார்கள்.

"என்ன இது?"

"செத்துப்போச்சு."

"போன மாசம் பதிமூணு காட்டுச்சே!"

"அன்னிக்குக் காலையில சார்ஜ் போட்டேன். போட்ட கையோட பாத்தா அப்படித்தான் காட்டும். அதுக்கு முந்தின மாசமும் அப்படித்தான் செஞ்சேன். இது ஜனவரியிலயே போயிடுச்சு."

"ஏன் அப்படிப் பண்ணின?"

தவுனோ சுவரைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், பாதிரியாரின் பேட்டரியைப் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை.

"இது போயிட்டா நீ வரமாட்டேன்னு."

ஹில்க்காவின் முகம் சிவந்து, அப்புறம் வெளுத்தது.

"நான் தீவுக்குப் போயிருந்தா?"

"அதான் இப்ப சொல்லிட்டேனே…"

"இப்ப சொன்னீங்க."

எங்கள் ஊரில் பாதிரியாரைக்கூட நேருக்கு நேர் நீ என்றுதான் பேசுவோம். ஒற்றை ஆளிடம் நீங்க என்றால் கதவைச் சாத்தியாயிற்று என்று அர்த்தம். தவுனோ பேட்டரியைத் தூக்கக் குனிந்தார்.

"தொடாதீங்க."

ஹில்க்கா தானே தூக்கினார். மூச்சு வாங்க, படியில் இரண்டு முறை வைத்து வைத்துத் தூக்கி, சறுக்கு வண்டியின் இருக்கையில் ஏற்றி, கழுத்துத் துணியால் கட்டினார். திரும்பிப் பார்க்காமல் உந்திக்கொண்டு போனார். வண்டித்தடம் ஈரப்பனியில் ஆழமாகப் பதிந்து கிடந்தது. மறுநாள் வெயிலில் அதுவும் கரைந்துவிட்டது.

ஏப்ரலின் முதல் சனிக்கிழமை வந்து போயிற்று. ஐஸ் உடைந்ததும் ஊரே திரண்டு வந்து பேட்டரிகளை எடுத்துப் போனது. "இந்த வருஷமும் கல்லு மாதிரி இருக்குப்பா!" என்று காலெர்வோ முதுகில் தட்டினார். வாசலில் நின்றபடியேதான் தட்டினார். தட்டுகள் காலியாயின. தவுனோ பல்பைத் துணியில் சுற்றி வைத்தார்.

கோடை முழுக்க, ஹில்க்காவின் படகு தீவுக்குப் போவதையும் வருவதையும் படகுத்துறை பெஞ்சிலிருந்து அவர் பார்த்தார். எஞ்சின் ஒரே திருப்பலில் கிளம்பிற்று. புது பேட்டரிதான். ஒவ்வொரு முறை அது கிளம்பும்போதும் அவருக்கு அப்பாடா என்று இருந்தது. துறையில் எதிர்ப்பட்டால் ஹில்க்கா தலையை மட்டும் அசைப்பார். அது கோபமா, மரியாதையா என்று தவுனோவால் பிரித்தறிய முடியவில்லை.

மறுபடி படகுகள் கரையேறும் நாள் வந்தது. தவுனோ தூரத்திலேயே நின்றார். ஹில்க்கா படகுக்குள் குனிந்து, ஸ்பேனரை எடுத்து, மைனஸ் கம்பியை முதலில் கழற்றினார். பிறகு பிளஸ். பேட்டரியை உள்ளேயே விட்டு, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, வீட்டுக்குப் போனார். மற்றவர்களுடைய பேட்டரிகள் தவுனோவின் கிடங்குக்கு வந்து சேர்ந்தன, நாடாக்களோடு. ஒரு இடம் மட்டும் தட்டில் காலியாக இருந்தது. அதில் எதையும் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

நவம்பரின் முதல் சனிக்கிழமை. தவுனோ அன்று ரொட்டி சுட்டார். ஏன் சுட்டோம் என்று தன்மேலேயே எரிச்சல்பட்டார். ஒரு மனுஷன் தனக்காக ரொட்டி சுடக் கூடாதா என்று அடுப்பிடம் கேட்டார். மேசையில் ஒரே கோப்பைதான் வைத்தார்.

வெளியே புதுப்பனியில் சறுக்கு வண்டியின் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. அப்புறம் கதவு தட்டும் சத்தம்.

ஹில்க்கா நின்றுகொண்டிருந்தார். தவுனோ அவர் கையைப் பார்த்தார். பேட்டரி இல்லை. கோட்டைப் பார்த்தார். மீட்டர் இருக்கிற உப்பலும் இல்லை. தோளுக்குப் பின்னால் வண்டியைப் பார்த்தார். அதன் இருக்கையும் காலி. அவருக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. தலைமுறை தலைமுறையாக எங்கள் ஊர்க் கதவுகள் கேட்கிற கேள்வியையே அவரும் கேட்டார்.

"என்ன விஷயம்?"

ஹில்க்கா கையுறையைக் கழற்றினார். ஒன்றைக் கழற்றி, அதை மடித்து, இன்னொன்றைக் கழற்றி, அதையும் மடித்தார். தபால் நிலையத்தில் முகவரி இல்லாத கடிதம் கையில் வந்தால் இப்படித்தான் நேரம் கடத்தியிருப்பார்.

"விஷயம் ஒண்ணும் இல்ல," என்றார். "சும்மாதான் வந்தேன்."

எங்கள் ஊரில் இதுவரை யாரும் யார் வாசலிலும் சொல்லாத வாக்கியம் அது. தவுனோ கதவுப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கிற்று. குளிர்காற்று என்று சொல்லிக்கொள்ள அன்று அவருக்குத் தோன்றவில்லை.

"கதவைச் சாத்துய்யா, குளிரு உள்ள வருது," என்று ஹில்க்கா அவரைத் தாண்டி உள்ளே போனார். "இன்னொரு கோப்பை எங்க வெச்சிருக்க?"